பெரும்பாறைச் சரிவில் சந்தன வேம்பு

சந்தன வேம்பு, வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய காட்டுமரம். ஈரம் தங்கும் மலைச்சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் முப்பது மீட்டரையும் தாண்டி நிமிர்ந்து வளரும். குளிர்மாதங்களில் இலையை முற்றாக உதிர்க்கும். அறுத்தால் செங்கல் நிறமும் நின்று மணக்கும் வாசனையும் உள்ள பலகையைத் தரும். தாவரவியல் பெயர் டூனா சிலியாட்டா. கன்னடத்தில் கந்தகரிகே என்றும், வடநாட்டில் தூன் என்றும், அஸ்ஸாமில் போமா என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. இந்தியாவின் இரு முனை மலைகளிலும், பர்மா, தென்சீனம், இந்தோனேசியா, பப்புவா நியூகினி வழியாக ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை வரையிலும் இது இயல்பாக வளர்கிறது. ஒரே மர இனம் இவ்வளவு அகலமான நிலப்பரப்பில் பரவி நிற்பது அரிது.

தமிழ்நாட்டில் இதை நேரில் பார்க்க ஏற்ற இடங்களில் ஒன்று பெரும்பாறை. வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு வழியாக மலையேறும் சாலை கீழ்ப்பழனி மலையின் காப்பி நாட்டுக்குள் நுழையும் இடத்தில் இந்த ஊர் இருக்கிறது. பக்கத்தில் புல்லாவெளி அருவி. சாலை மேலே தடியன்குடிசை, மங்களம்கொம்பு என்று வளைந்து தாண்டிக்குடிக்குப் போகிறது. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், வடகிழக்குப் பருவமழையில் நனையும் கிழக்குச் சரிவு, இலைமட்கு செறிந்த மண். காப்பி, மிளகு, மலைவாழை, கமலா ஆரஞ்சு எல்லாம் ஒரே தோட்டத்தில் அடுக்கடுக்காக நிற்கும். அந்த அடுக்குகளின் கூரையாகப் பலாவும் அத்தியும் சில்வர் ஓக்கும் நிற்க, அவற்றுக்கிடையே சந்தன வேம்பும் தலை நீட்டுகிறது.

அடையாளம் காண்பது கடினமல்ல. பட்டை சாம்பல் கலந்த பழுப்பு நிறம். வயதானால் செதில் செதிலாக உரியும். ஈர்க்கின் இருபுறமும் இணை இணையாகச் சிற்றிலைகள் தொங்கும். தூரத்தில் பார்த்தால் வேப்பிலை போலத்தான் தோன்றும். கையில் எடுத்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: வேப்பிலையின் ஓரம் ரம்பப் பல் போலிருக்கும், வளர்ந்த சந்தன வேம்பின் சிற்றிலைக்கு ஓரம் வழுவழுப்பானது. தளிர் செம்பு நிறத்தில் வரும். அந்தச் சில நாள்களில் பச்சைத் தோட்டத்துக்கு மேலே ஒரு சிவந்த குடை விரிந்ததுபோல் மரம் தனித்துத் தெரியும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பூக்காலம். சிறிய வெண்பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும், தேன் மணம் வீசும், தேனீக்கள் மொய்க்கும். வடநாட்டில் இந்தப் பூவிலிருந்து மஞ்சளும் சிவப்புமான சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றும் வழக்கம் இருந்தது. பூவுக்குப் பின் ஓர் அங்குலம்கூட நிரம்பாத காய்கள் வரும். கோடையில் அவை முற்றி உலர்ந்து, ஐந்து இதழாகப் பிளந்து விண்மீன் வடிவில் விரியும். உள்ளே காகிதம் போன்ற விதைகள். ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் சிறகு. காற்று அவற்றைச் சரிவுக்குச் சரிவு கொண்டுபோகும். சந்தன வேம்பை மற்ற மரங்களிலிருந்து பிரித்தறிய இந்தக் காயும் விதையும்தான் நம்பத்தக்க சான்று. மதகிரி வேம்பு, மலை வேம்பு, அகில் என்று பல பெயர்கள் மலையூர்களில் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. நாற்று வாங்குகிறவர் பெயரை மட்டும் நம்பினால், பிளைவுட்டுக்காகச் சமவெளியில் வளர்க்கப்படும் மலை வேம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க நேரிடும். அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் வேறு மரம், வேறு பயன்.

அறிவியல் உலகில் இந்த மரம் பெயர் பெற்ற கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியத் தாவரவியலின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ராக்ஸ்பர்க் இதற்குச் செட்ரெலா டூனா என்று பெயரிட்டிருந்தார். அந்தப் பெயர் முறைப்படி அச்சேறியது 1803-இல், பெர்லின் ஆய்விதழ் ஒன்றில். அது தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பிய வழியில் ஒருவர் எழுதிய தாவரக் குறிப்புகளை, ஜெர்மானியத் தாவரவியலர் வில்டெனோவ் பதிப்பித்த கட்டுரை. குறிப்புகளை எழுதியவர் யோகான் பீட்டர் ராட்லர். 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து, அறுபது ஆண்டுகள் தமிழ்மண்ணில் வாழ்ந்து, 1836-இல் வேப்பேரியில் மறைந்தவர். பெரிய தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவர் என்றுதான் தமிழர்கள் அவரை அறிவார்கள். அதே கையால் அவர் ஆயிரக்கணக்கான செடிகொடிகளைச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பியதை அறிந்தவர்கள் குறைவு. பிற்பாடு 1846-இல் ரோமர் என்பவர் டூனா என்ற தனிப் பேரினத்தை வகுத்தார். செட்ரெலா என்ற பெயர் அமெரிக்கக் கண்டத்து உறவுமரங்களுக்கு நின்றுவிட்டது. அந்த உறவுகளில் பெயர்பெற்றது கியூபாவின் சுருட்டுப் பெட்டிகளுக்கு மணம் கொடுக்கும் ஸ்பானிஷ் சிடார். சந்தன வேம்பின் பலகையிலும் அதே சாயல் மணம் உண்டு. இந்திய மரங்களைப் பற்றி கேம்பிள் எழுதிய பழைய கையேடு இதன் பயன்களில் தேயிலைப் பெட்டியோடு சுருட்டுப் பெட்டியையும் சேர்த்தே சொல்கிறது.

இனி மரத்துக்குள் போகலாம். மரநூலார் அகன்ற இலை மரங்களையெல்லாம் வன்மரம் என்றே வகைப்படுத்துவார்கள். அந்தக் கணக்கில் சந்தன வேம்பும் வன்மரம். ஆனால் கைக்கு அது கனமே இல்லை. உலர்ந்த மரம் கன மீட்டருக்கு 450 முதல் 550 கிலோ வரைதான் எடை. தேக்கு சுமார் 650; ஈட்டி 850-ஐ எட்டும். அதனால் உளி எளிதில் இறங்கும். இழைப்புளி சுருள் சுருளாகச் சீவும். செதுக்குவேலை சிரமமில்லாமல் வரும். வெளிப்புற மரமான வெளிறு வெளுத்த இளஞ்சிவப்பு. உள்மரமான வைரம் புத்தம்புதிதில் செங்கல் சிவப்பு, நாள்பட்டால் ஆழ்ந்த செம்பழுப்பு. மெருகு ஏற்றினால் ரேகை பட்டுப்போல் மின்னும். பட்டறைகளில் இதன் மீது தச்சர்களுக்கு இருக்கும் பிரியத்துக்குக் காரணம் இந்த இணக்கம்தான். அலமாரி, கதவுப் பலகை, பெட்டி, மேசை, செதுக்குச் சட்டம் ஆகியவற்றுக்கு உகந்தது. பாரம் தாங்கும் உத்தரத்துக்கும் தரையில் ஊன்றும் கம்பத்துக்கும் உகந்ததல்ல.

மணத்துக்குக் காரணம் மரத்தில் ஊறியிருக்கும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்ப் பொருள்கள். சந்தனத்தில் போல வடித்து எடுக்கும் அளவுக்கு எண்ணெய் இதில் இல்லை. பெட்டியைத் திறக்கும்போது மூக்கில் படும் அளவுக்கு உண்டு. அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். வேப்பமரக் குடும்பத்துக்கே உரிய கசப்புப் பொருள்களும் வைரத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான செட்ரெலோன் இந்த மரத்திலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. கரையானும் பூச்சியும் வைரத்தை அவ்வளவாக நெருங்காததற்கு இந்தக் கசப்பு ஒரு காரணம். வெளிறுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. துளைவண்டு விழுந்து மாவாக்கிவிடும். ஆகவே அறுக்கும்போதே வெளிற்றைக் கழித்துவிடுவது நல்லது. இழைக்கும்போது பறக்கும் தூளையும் இலேசாக எண்ணக் கூடாது. மூக்கெரிச்சல், தும்மல், தலைவலி, சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். மணக்கும் தூள் கெடுதல் செய்யாது என்று நினைத்து முகத்தை மூடாமல் வேலை செய்வது தவறு.

இந்த மரத்தின் உடலில் வேறொரு சிறப்பும் இருக்கிறது. ஆண்டு முழுதும் வெப்பமாக இருக்கும் நாடுகளில் பெரும்பாலான மரங்களுக்குத் தெளிவான ஆண்டு வளையம் விழாது. சந்தன வேம்பு ஆண்டுதோறும் இலையுதிர்த்து உறங்கி எழுவதால், விழித்தெழும் பருவத்தில் அகன்ற நீர்க்குழாய்களும் பின்பருவத்தில் குறுகியவையும் உருவாகின்றன. அந்த எல்லை வளையமாகப் பதிகிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலம். வறண்ட ஆண்டில் ஒடுக்கம். மழைமானி இல்லாத காலத்து மழையைக் கணிக்க இந்தியாவில் தேக்கோடு சேர்த்து ஆராய்ச்சியாளர்கள் நாடும் மிகச் சில வெப்பநாட்டு மரங்களில் இதுவும் ஒன்று. ஒரு பழைய அடிமரம் வெட்டி விழும்போது பலகையோடு சேர்ந்து அந்த மலையின் நெடுங்கால மழைக்கணக்கும் போய்விடுகிறது. அடிமரத்தின் ஒரு வட்டத் துண்டையாவது ஆய்வு நிலையங்களுக்கு எடுத்து வைக்கும் வழக்கம் மலையூர்களில் வரவேண்டும்.

இசைக்கும் இதற்கும் உள்ள உறவு தெற்கில் அவ்வளவாகத் தெரியாது. தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் எப்படியோ அப்படி வடநாட்டுச் சித்தாருக்குத் தூன். மகாராஷ்டிராவின் மிரஜ் ஊரில் தலைமுறைகளாகச் சித்தாரும் தம்பூராவும் செய்கிறார்கள். குடத்துக்குச் சுரைக்காய், தண்டுக்கும் முகப்புக்கும் மரம். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, மிரஜ் சித்தாருக்கும் தம்பூராவுக்கும் 2024-இல் கிடைத்தது. இலேசாகவும், நன்றாக உலர்ந்தபின் நிலைபேறாகவும் இருக்கும் மரமே தந்தியின் அதிர்வை விழுங்காமல் திருப்பித் தரும். இந்த இரண்டு குணமும் தூனுக்கு உண்டு.

மணமுள்ள மரத்துக்கு மதிப்பு வந்தால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1788-இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயர், சில ஆண்டுகளுக்குள்ளேயே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக் காடுகளில் இந்த மரத்தைக் கண்டார்கள். செஞ்சிடார் என்று பெயர் வைத்தார்கள். 1790-களிலேயே அது இந்தியாவுக்குக் கப்பலேறியது. தன் காடுகளிலேயே இதை வைத்திருந்த நாட்டுக்கு, கடல் கடந்து அதே மரம் வந்து இறங்கியது. வெட்டு கட்டுமீறியதால் 1802-இலேயே ஆளுநர் கிங் அனுமதியின்றி வெட்டத் தடை போட்டார். தடை நிற்கவில்லை. மரவெட்டிகள் ஆறு ஆறாக வடக்கே நகர்ந்தார்கள். அடிமரங்களை வெள்ளத்தில் மிதக்கவிட்டுத் துறைமுகம் சேர்த்தார்கள். சிவப்புத் தங்கம் என்ற பெயர் அப்போது வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் கைக்கெட்டும் காடுகளில் பெருமரம் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. பழைய ஆஸ்திரேலிய வீடுகளின் மாடிப்படிகளிலும் கதவுகளிலும் அது இன்னும் மின்னுகிறது.

தீர்ந்ததை மீண்டும் நட்டு வளர்த்தால் ஆகாதா என்ற கேள்வி எழும். அதற்குக் குறுக்கே நிற்பது ஓர் அந்துப்பூச்சி: ஹிப்சிபைலா ரொபஸ்டா. தாய்ப்பூச்சி இளந்தளிரில் முட்டையிடும்; புழு நுனிக் குருத்தைத் துளைத்து உள்ளே போகும்; குருத்து வாடிச் சாகும். உடனே பக்கவாட்டில் நாலைந்து கிளைகள் கிளம்பும். அவற்றையும் பூச்சி தேடி வரும். மரம் சாவதில்லை. ஆனால் நேராக ஓங்கவேண்டிய தண்டு புதராகிவிடும், பலகைக்கு ஆகாது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலர் பீசன், 1919-இலேயே இதன் வாழ்க்கைச் சுற்றை ஆராய்ந்து எழுதினார். பூவையும் காயையும்கூட இது விட்டுவைப்பதில்லை. சமவெளி விவசாயிகள் ஆசையாக நடும் மகோகனிக் கன்றுகளின் நுனியைக் கருக்குவதும் இதே பூச்சிதான். நூறு ஆண்டுகளுக்குமேல் மருந்தும் பொறியும் எதிரிப்பூச்சியும் சோதித்தும், பரந்த தனித்தோட்டத்தில் இதை முழுதாக அடக்கும் வழி கிடைக்கவில்லை. வெயிலில், வரிசையாக, ஒரே வயதில், ஒரே மரம் நின்றால் அது பூச்சிக்கு விருந்து.

விந்தை என்னவென்றால், சொந்த நாட்டைவிட்டு வெளியேறிய சந்தன வேம்புக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹவாய்த் தீவுகளிலும் பிரேசிலிலும் தோட்டமாகவே செழிக்கிறது. அமெரிக்கக் கண்டத்தில் ஹிப்சிபைலாவின் வேறோர் இனம் ஸ்பானிஷ் சிடாரையும் மகோகனியையும் பாழாக்குகிறது. ஆனால் டூனாவை அதனால் தின்று பிழைக்க முடிவதில்லை. தென்னாப்பிரிக்காவிலோ இது கட்டுக்கடங்காமல் பரவி, ஆக்கிரமிப்பு மரங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. பிறந்த மண்ணில் பூச்சியோடு சேர்ந்தே வாழப் பழகிய மரம் இது. அந்தப் பூச்சியை மீறி அது எப்படி வளர்கிறது என்பதைக் காடுதான் காட்டுகிறது. காட்டில் கன்று பிற மரங்களின் அரைநிழலில், தன் இனம் அடுத்தடுத்து இல்லாத இடத்தில் முளைக்கிறது. பூச்சி அதைக் கண்டுபிடிப்பதற்குள் பல மீட்டர் உயர்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் பெரும்பாறைத் தோட்டங்களின் முக்கியத்துவம் புரியும். பல அடுக்கு நிழலில் காப்பி வளர்க்கும் முறை, யாரும் திட்டமிடாமலே சந்தன வேம்புக்குக் காடு கொடுக்கும் சூழலைக் கொடுக்கிறது. இந்தியக் காப்பித் தோட்டங்களுக்கு நிலையான மேல்நிழல் தரும் மரங்களில் செட்ரெலா டூனா என்ற பழைய பெயரில் இது நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. கீழ்நிழலுக்கு முள்ளு முருங்கை, இடையில் வாழையும் ஆரஞ்சும், மேலே பலாவும் அத்தியும் சந்தன வேம்பும். ஒன்றுக்கொன்று தள்ளி, வெவ்வேறு வயதில் நிற்கும் மரங்களில் பூச்சித்தாக்கு இருந்தாலும் தோட்டம் முழுக்கப் பரவுவதில்லை. காப்பிக்கும் இதனால் நன்மை. பழம் பறிக்கும் குளிர்மாதங்களில் இலை உதிர்ந்து ஒளியும் காற்றும் உள்ளே வரும்; வெயில் உக்கிரமாகுமுன் தளிர்த்துவிடும். உதிரும் சிற்றிலைகள் விரைவில் மட்கி மண்ணோடு சேரும். உயர்ந்த அடிமரத்தில் மிளகுக்கொடியையும் ஏற்றலாம்.

ஆனாலும் அண்மைப் பத்தாண்டுகளில் மேல்நிழல் என்றாலே சில்வர் ஓக் என்றாகிவிட்டது. அது கிழக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். செஞ்சிடார் வளரும் அதே மழைக்காடுகளின் பக்கத்துவீட்டுக்காரன். நேராக ஓங்கும், மிளகு ஏற்றத் தோதானது, சீக்கிரம் விற்கலாம். தோட்டக்காரரின் கணக்கு பிழையானதல்ல. வாழை முடிக்கொத்து நோயிலும் காப்பி விலையின் ஏற்ற இறக்கத்திலும் அடிபட்டவர்கள் விரைந்து பணமாகும் மரத்தை நாடுவது இயல்பு. எனினும் தோட்டம் முழுக்க ஒரே சில்வர் ஓக் ஆகும்போது பூந்தேன், பழம், பறவை, இலைமட்கின் வகை எல்லாம் குறுகிவிடுகின்றன. பத்து சில்வர் ஓக்குக்கு இரண்டு நாட்டு மரம் என்ற அளவிலாவது சந்தன வேம்பு, பலா, அத்தி, நாவல் ஆகியவை திரும்ப வரவேண்டும். அதனால் வரும் இழப்பு பெரிதில்லை. ஒரு தலைமுறை கழித்து நிற்கும் பலகையின் மதிப்பு தனி.

வெட்டுவதற்குச் சட்டத்தின் எல்லை உண்டு. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரத்தையும் அனுமதி பெறாமல் வெட்டக் கூடாது. வெட்டிய மரத்தை அடிவாரத்துக்கு இறக்க வனத்துறையின் கடவுச்சீட்டும் வேண்டும். பல விவசாயிகள் இந்த நடைமுறைக்கு அஞ்சியே நாட்டு மரத்தை நடத் தயங்குகிறார்கள். பாதுகாக்க வந்த சட்டம் நடுவதையே தடுப்பதாக ஆகிவிடக் கூடாது. தானே நட்டு வளர்த்ததைப் பதிவு செய்துகொண்டவருக்கு அனுமதி விரைந்து கிடைக்கும் ஏற்பாடு இருந்தால், மலையில் மரம் கூடுமே தவிரக் குறையாது. அனுமதியோடு வெட்டுகிறவர் இலையற்ற குளிர்மாதங்களில் வெட்டி, தாமதிக்காமல் அறுத்து, பலகைக்கிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கிக் காயவிடவேண்டும். பச்சையாகவே வேலைக்கு எடுத்தால் பலகை கோணும்.

கன்று உண்டாக்குவது எளிது. காலம் தவறக் கூடாது என்பதே நிபந்தனை. காய் பழுப்பேறி, பிளக்கத் தொடங்குமுன் பறிக்கவேண்டும். பிளந்துவிட்டால் விதை காற்றோடு போய்விடும். வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் காய் தானே விரிந்து விதை உதிரும். விதை மிகச் சிறியது. ஒரு கிலோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் இருக்கும். முளைப்புத்திறன் சில மாதங்களில் குன்றிவிடுவதால் அந்தப் பருவத்திலேயே விதைத்துவிடுவது நல்லது. மேட்டுப்பாத்தியில் தூவி, மெல்லிய மண் மூடி, நிழலிட்டு ஈரம் காத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். நாலிலை விட்டதும் பைக்கு மாற்றி, அடுத்த ஆண்டு மழை பிடித்தபின் தோட்டத்தில் நடலாம். தண்ணீர் தேங்கும் பள்ளமும் வறண்ட பாறைத்திட்டும் ஆகாது. வடிகால் உள்ள ஆழமான மண், பக்கவாட்டில் அரைநிழல், மேலே திறந்த வானம் இவை போதும். ஒரு கன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் வேறு மரங்கள் நிற்கவேண்டும். முதல் சில ஆண்டுகளில் நுனி கருகினால், பழுதான குருத்தைப் புழுவோடு நறுக்கி எரித்துவிட்டு, கிளம்பும் கிளைகளில் நேரானது ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கவாத்து செய்யவேண்டும். தண்டு ஆறேழு மீட்டர் நேராக ஓங்கிவிட்டால், அதன்பிறகு பூச்சி நுனியைத் தொட்டாலும் அடிப்பலகைக்குக் கேடில்லை.